விருந்து என்பது உணவா, ஆளா, புதுமையா?

கேள்வி: மெய்ப்புக்காரன்

அனைவருக்கும் வணக்கம். சிறிய பதிப்பகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். சென்ற மாதம், சங்கப் பாடல்களுக்கு எளிய உரை எழுதியிருக்கும் ஓர் ஆசிரியரின் அச்சுப்படி என் கைக்கு வந்தது. ‘இரவிலும் விருந்து வந்தால் மகிழ்பவள்’, ‘விருந்தை முகமலர்ந்து எதிர்கொண்டாள்’ என்று பதினோரு இடங்களில் அவர் எழுதியிருந்ததைக் கைத்தவறு என்று கருதி, அத்தனை இடத்திலும் ‘விருந்தினர்’ என்று மாற்றிவிட்டேன். படி ஆசிரியரிடம் போய்த் திரும்பி வந்தபோது, என் சிவப்பு மைத் திருத்தங்கள் பதினொன்றின் மேலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தது. முதல் திருத்தத்துக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், ‘விருந்து என்றாலே ஆள்தான், அதற்கும் முன்னால் புதுமை. நற்றிணை 172 பார்க்கவும்’ என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தார்.

எடுத்துப் பார்த்தேன். விளையாட்டாய் மணலில் அழுத்தி வைத்த புன்னைக் காய் முளைத்து மரமாகி, ‘இது உன் தங்கை’ என்று தாய் சொல்லிவிட்டதால் அதன் நிழலில் உன்னோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது என்று தோழி தலைவனிடம் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற பாட்டு. பள்ளி நாள் தொட்டு அறிந்த பாட்டுத்தான். அதில் வலம்புரிச் சங்கு ஒலிப்பதை ‘விருந்தின் பாணர் விளரிசை கடுப்ப’ என்று உவமை சொல்லியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக நான் இதை ‘பந்தியில் பாடும் பாணர்’ என்றே படித்து வந்திருக்கிறேன். உரையிலோ ‘புதிதாக வந்த பாணர்’ என்று இருக்கிறது.

என் ஐயம் இதுதான். இந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் புதுமையா, வந்த ஆளா, அவருக்குப் போட்ட சோறா? ‘விரும்பு’ என்பதிலிருந்து ‘விருந்து’ பிறந்தது என்று பட்டிமன்ற மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன், அது சரியா? முன்பின் அறியாதவரைக் குறித்த சொல்தான் இது என்றால், இன்று நாம் நன்கு அறிந்தவர்களை மட்டும் விருந்துக்கு அழைப்பது எப்படி வந்தது? படி அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் தெளிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி: தாழ்வாரம்

மெய்ப்புக்காரன் ஐயாவுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில், நீங்கள் செய்த பிழையை நானும் ஒரு காலத்தில் கரும்பலகையில் செய்திருக்கிறேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

பென்சில் குறிப்புச் சரியானது. பொருள் மாறிய வரிசை புதுமை, புதியவர், புதியவரைப் பேணுதல், பேணும்போது இடும் உணவு என்பதுதான். இந்த வரிசையின் தலைப்பில் நிற்கும் புதுமைக்குத் தொல்காப்பியமே சான்று. செய்யுளியலில் அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்று எட்டு வனப்புகளைச் சொல்லி, விருந்து என்பது புதிதாகப் புனைந்த யாப்பைப் பற்றியது என்று விளக்குகிறார் தொல்காப்பியர். அங்கே இலையும் இல்லை, சோறும் இல்லை, வாசலில் ஆளும் இல்லை. பழங்கதையைப் பற்றிய வனப்பு ‘தொன்மை’யாக இருக்க, புதிதாகச் செய்வதன் வனப்பு ‘விருந்து’ என்று பெயர் பெறுகிறது. அவ்வளவுதான்.

இதைவிடத் தெளிவான இடம் அகநானூறு 54. ‘விருந்தின் மன்னர் அருங்கலம் தெறுப்ப வேந்தனும் வெம்பகை தணிந்தனன்’ என்று தொடங்குகிறது அந்தப் பாட்டு. புதிதாகப் பகைத்து வந்த மன்னர்கள் அரிய பொருள்களைத் திறையாகக் கொண்டுவந்து குவித்த பிறகே வேந்தனின் சினம் தணிகிறது. இந்த மன்னர்களை யாரும் இலை போட்டு உட்கார வைக்கவில்லை. திறை கட்ட வந்த பகைவர்கள் அவர்கள். அவர்களுக்கும் ‘விருந்து’ என்ற அடைமொழி பொருந்துகிறது என்றால், அந்தச் சொல்லில் அன்பும் இல்லை, உணவும் இல்லை. முன்பு அறியாத புதியவர் என்ற செய்தி மட்டுமே இருக்கிறது.

அடுத்தது குறள். 43ஆம் குறளில் ‘தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தான்’ என்று இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரை வள்ளுவர் அடுக்குகிறார். ஒக்கல் என்றால் சுற்றத்தார். விருந்து வேறு, சுற்றம் வேறு என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பரிமேலழகர் இந்த இடத்தில்தான் விருந்து என்பது புதுமை என்றும், இங்கே அது ஆகுபெயராகிப் புதியராய் வந்தவர்மேல் நின்றது என்றும் எழுதுகிறார். கூடவே ஒரு நுட்பமும் சொல்கிறார்: அப்படி வருபவர் இருவகையினர், முன்பே அறிமுகம் இருப்பதால் இன்ன வீடு என்று குறித்து வருபவர் ஒருவகை, அறிமுகம் இல்லாததால் குறியாமல் வருபவர் இன்னொரு வகை. ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடை அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அறிந்தவரும் விருந்து என்ற சொல்லுக்குள் வந்து அமர்ந்துவிட்டார். ஆனால் அறியாதவர் இன்னும் எழுந்து போகவில்லை.

விருந்தோம்பல் என்ற ஒன்பதாம் அதிகாரத்தில் இந்தச் சொல் வரும் இடங்களில் ‘உணவு’ என்று வைத்துப் படித்துப் பாருங்கள். எப்படிக் கோணிக்கொள்கிறது என்று தெரியும். ‘செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்’ என்றால் சோறு போவதையும் வருவதையும் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக ஆகும். ‘விருந்து புறத்ததாத் தானுண்டல்’ என்பதற்கு என் மாணவன் ஒருவன் ‘சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுதல்’ என்று எழுதினான். நான் அவனுக்கு மதிப்பெண் குறைத்தேன். ஆனால் அவன் கையில் இருந்த சொல்லுக்கு அவனுக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான்; அதை நான் முன்னமே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

‘மோப்பக் குழையும் அனிச்சம்’ என்ற குறளின் அழகும் புதியவர் என்ற பொருளில்தான் முழுதாகத் திறக்கிறது. முகம் சற்றே மாறினாலும் வாடிப்போகிறவர் யார்? அத்தை மகனும் மாமனும் அப்படி வாடமாட்டார்கள்; ‘என்ன, மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய்’ என்று உரிமையோடு கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவார்கள். யாரென்றே தெரியாத வீட்டு வாசலில் தயங்கி நிற்பவருக்குத்தான் பார்வை ஒன்றே போதும். அதனால்தான் தூரத்தில் கண்டபோது இன்முகம், நெருங்கி வந்தபோது இன்சொல், உடன்பட்டு உள்ளே வந்தபோது நல்ல உபசாரம் என்று பரிமேலழகர் அங்கே படிப்படியாக வகுக்கிறார். முதல் படி, பேச்சுக்கும் முந்தியது.

ஆள் என்ற பொருள் கம்பன் காலத்திலும் உயிரோடு இருக்கிறது. அசோகவனத்தில் சீதை இராமனை நினைத்து வருந்தும் இடத்தில் ‘விருந்து கண்டபோது என்னுறுமோ என்று விம்மும்’ என்கிறான். விருந்தைக் காண்கிறார்கள், உண்ணவில்லை. வீட்டில் மனைவி இல்லாதபோது வாசலில் புதியவர் வந்து நின்றால் அவன் என்ன பாடுபடுவானோ என்பதுதான் அவளுடைய விம்மல்.

உங்கள் ஆசிரியர் எழுதியிருக்கும் ‘இரவிலும் விருந்து வந்தால் மகிழ்பவள்’ என்பது நற்றிணை 142இன் ‘அல்லில் ஆயினும் விருந்துவரின் உவக்கும்’ என்ற அடியை அப்படியே பின்பற்றியது. அதை ‘விருந்தினர்’ ஆக்கினால் பொருள் கெடாது. ஆனால் பழைய சொல்லாட்சி கெடும். விருந்து வரும், செல்லும், வாடும், எதிர்கொள்ளப்படும். அஃறிணை வடிவில் நின்று உயர்திணைப் பொருள் தரும் சொல் அது. ‘அரசு ஆணையிட்டது’ என்று நாம் இன்று எழுதுவதில்லையா?

உணவு என்ற பொருள் எப்படி ஒட்டியது என்பதற்கு எனக்குப் பிடித்த பாட்டு நற்றிணை 120. பரத்தையிடம் போய்வந்த தலைவன் மேல் மனைவி ஊடியிருக்கிறாள். அடுக்களையில் வாளை மீனைத் துண்டம் போட்டுச் சமைக்கிறாள். புகை பட்டுக் கண் சிவந்திருக்கிறது. நெற்றியில் பொடித்த வியர்வையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொள்கிறாள். அவன் வெளியே நின்று, ‘எமக்கே வருகதில் விருந்தே’ என்கிறான். இப்போது யாராவது ஒரு புதியவர் வந்துவிடக் கூடாதா, வந்தால் இவள் சினத்தை மறைத்துச் சிறு பல் தெரியச் சிரிப்பாளே என்று ஏங்குகிறான். அங்கே விருந்து என்பது இன்னும் வராத ஆள்; ஆனால் அவருக்கான மீன் ஏற்கெனவே அடுப்பில் இருக்கிறது. ஆளும் உணவும் இவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது ஒன்றின் பெயர் இன்னொன்றுக்கு ஏறுவதற்கு நெடுநாள் ஆகாது.

மறுமொழி: நொச்சிவேலி

தாழ்வாரம் ஐயா எழுதியதற்குப் பிறகு சொல்ல மிச்சம் அதிகம் இல்லை என்றாலும், ‘விரும்பு’ என்ற பகுதியை அவர் தொடாமல் விட்டுவிட்டார். ‘விரும்பி இடுவது விருந்து’ என்பது மேடைக்கு இனிய எதுகை, சொற்பிறப்பு ஆகாது. அகநானூற்றின் ‘விருந்தின் மன்னர்’ ஒன்றே அதை வீழ்த்தப் போதுமானது. திறை கட்ட வந்த பகைவரை விரும்பியது யார்? சொல்லின் பழைய ஆட்சிகளில் விருப்பம் பொருளின் பகுதியாக இல்லாதபோது, விருப்பத்திலிருந்து சொல் பிறந்தது என்பது குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டுவது போலாகும். மலையாளத்தில் விருந்நு என்றும் தெலுங்கில் விந்து என்றும் இச்சொல் இருக்கிறது. இரண்டிலும் இன்று ஓங்கி நிற்பது உணவுப் பொருள். தமிழில்தான் புதுமைப் பொருளுக்கு இத்தனை பழைய சான்றுகள் வரிசையாகக் கிடைக்கின்றன.

ஆனால் நான் எழுத வந்தது வேறு ஒரு சொல்லைப் பற்றி. புதுமைக்கும் புதியவருக்கும் பழந்தமிழில் விருந்தோடு கூடவே இன்னொரு சொல்லும் நடமாடியது. அது ‘வம்பு’.

இன்று வம்பு என்றால் நமக்கு வீண் பேச்சு, வலியச் சென்று இழுக்கும் சண்டை. ஊர்வம்பு, வம்பளப்பு, வம்படியாக, வம்பை விலைக்கு வாங்குதல் என்று நாள் முழுதும் புழங்குகிறோம். சங்கப் பாடல்களில் அதே சொல் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடும் இடைக்குன்றூர் கிழார், புறநானூறு 79இல் ‘எதிர்ந்த வம்ப மள்ளரோ பலரே’ என்கிறார். எதிர்த்து வந்திருக்கும் புது வீரர்களோ பலர். பகலோ மிகச் சிறிது. இருட்டுவதற்குள் வெட்டி முடியாமல் சிலர் மிஞ்சிவிடுவார்களோ என்பது பாட்டு. மாமூலனார் அகநானூறு 251இல் ‘வம்ப மோரியர்’ என்கிறார். வடக்கிலிருந்து புதிதாக வந்த மோரியர், அதாவது மௌரியர். ‘விருந்தின் மன்னர்’, ‘வம்ப மள்ளர்’, ‘வம்ப மோரியர்’ என்ற மூன்று தொடர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், ஒரே வேலையை இரண்டு சொற்கள் பகிர்ந்துகொண்டிருப்பது தெரியும்.

பிறகு ஏன் ஒன்று பந்திக்குப் போனது, மற்றது தெருச் சண்டைக்குப் போனது? என் எண்ணம் இது: ஆள் ஒருவர்தான், அவர் நிற்கும் இடம் மாறுகிறது. வாசலுக்கு வந்து நின்றவர் விருந்து. காட்டு வழியில் போய்க்கொண்டிருப்பவர் வம்பலர். குறுந்தொகை 118இல் மாலை நேரத்தில் பலர் புகும் வாயிலை அடைக்கப் போகிறவர்கள், ‘வருவீர் உளீரோ’ என்று வெளியே கூவிக் கேட்கிறார்கள். கதவைச் சாத்துவதற்கு முன்னால், முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக இருட்டை நோக்கி ஒரு குரல். அதே தொகையில் 77ஆம் பாட்டில், வெயில் கொளுத்தும் பாலை வழியில் இறந்துபோன வம்பலரைத் தழை போட்டு மூடிய குவியல், அந்த வழியே வரும் பெரிய யானைக்கு நிழலாகிறது. ‘வெஞ்சுரத்து உலந்த வம்பலர் உவலிடு பதுக்கை’ என்பது அந்த அடி. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஏழெட்டுக் காவதம் உயிரோடு நடந்து ஒரு ஊரின் வாயிலை எட்டியிருந்தால், ‘வருவீர் உளீரோ’ என்ற குரலுக்கு விடை சொல்லி விருந்து ஆகியிருப்பார். எட்டாததால் வம்பலராகவே மண்ணுக்குள் போனார்.

இரண்டு சொற்களும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக்காட்டவே இவ்வளவும் எழுதினேன். சிலப்பதிகாரம், கொலைக்களக் காதை. மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில் மாதரி கொடுத்த வீட்டில் கண்ணகி சமைத்து, வாழைக் குருத்தை விரித்துக் கோவலனுக்குச் சோறு இடுகிறாள். உண்டு முடித்த கோவலன் அவளை அருகில் அழைத்து, தன் கடந்த காலத்தைச் சொல்லி வருந்துகிறான். ‘வறுமொழி யாளரொடு வம்பப் பரத்தரொடு’ கூடி நகைத்துத் திரிந்தேன் என்கிறான். வெறும் பேச்சுப் பேசுகிறவர்களும், புதிது புதிதாய்க் காமம் தேடித் திரிகிறவர்களும். அதற்குக் கண்ணகி சொல்லும் விடையில், அறவோர்க்கு அளித்தல், அந்தணர் ஓம்பல், துறவோர்க்கு எதிர்தல், ‘தொல்லோர் சிறப்பின் விருந்தெதிர் கோடலும் இழந்த என்னை’ என்று வருகிறது. அவன் வாயில் வம்பு, அவள் வாயில் விருந்து. சில அடிகளே இடைவெளி. அவன் தேடிப் போன புதுமைக்கு ஒரு சொல். தன் வாசலுக்கு வந்தும் அவளால் எதிர்கொள்ள முடியாமல் போன புதுமைக்கு இன்னொரு சொல். அந்த நேரத்தில் அவர்கள் இருவருமே முன்பின் அறியாத ஊரில், அறியாத ஒருத்தி வீட்டில் விருந்தாக இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மறுமொழி: இடைச்சுவர்

நொச்சிவேலி அவர்களின் சிலப்பதிகார வாசிப்பு அழகானது; அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் விருந்தும் வம்பும் ஒரே பொருளில் தொடங்கிய இரட்டைப் பிள்ளைகள் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. தொல்காப்பியம் உரியியலில் வம்புக்கு நேரடியாகவே பொருள் சொல்லியிருக்கிறது: ‘வம்பு நிலையின்மை’. புதுமை என்று சொல்லவில்லை. புதியவராய் இருப்பதால் அல்ல, நில்லாமல் போய்விடுவதால்தான் வம்பலர். அவர் வழியில் போகிறவர். எந்த ஊருக்கும் வேர் இல்லாதவர். மோரியரும் மள்ளரும்கூட, இந்த மண்ணில் நிலைத்தவர்கள் அல்லர் என்ற குறிப்போடுதான் வம்பர் ஆகிறார்கள். இடைக்குன்றூர் கிழார் தன் அரசனைப் புகழும் பாட்டில் எதிரிகளை ‘வம்ப மள்ளர்’ என்பதில், மாலைக்குள் இல்லாமல் போகிறவர்கள் என்ற ஏளனம் இல்லை என்று எப்படிச் சொல்வது? விருந்து என்ற சொல்லில் அந்த நிலையாமை இல்லை. தொடக்கத்திலேயே இரண்டும் வேறு வேறு நிறம் உடையவை.

குறுந்தொகை 66ஐப் பாருங்கள். கார்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போன தலைவன் வரவில்லை. மழை பெய்து கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி அவளைத் தேற்ற, ‘கொன்றை மரங்கள் அறிவில்லாதவை, பருவம் வருவதற்கு முன்பே பெய்த வம்ப மாரியைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டன’ என்கிறாள். உண்மையில் வந்திருப்பது கார்தான். தோழிக்கும் அது தெரியும். வந்து நிற்கும் உண்மையான மழையைப் ‘பொய்’ என்று தள்ளுவதற்கு அவள் எடுக்கும் சொல் வம்பு. காலம் தவறி வந்து, நில்லாமல் போய்விடும் மழை. இந்த இடத்தில் ‘விருந்து மாரி’ என்று போட்டுப் பார்த்தால் தோழியின் பொய் நிற்காது. புது மழை என்றால் மகிழ்ச்சியாகிவிடும்.

நில்லாதது, ஆகவே பயனற்றது, ஆகவே பயனற்ற பேச்சு, பயனற்ற பேச்சால் விளையும் சண்டை என்று வம்பு இறங்கி வந்த படிகளில் எதுவும் விலகிய படி அல்ல. ஒரு சொல் கெட்டுப்போனது, மற்றது நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டது என்று இரங்க வேண்டியதில்லை.

மறுமொழி: நொச்சிவேலி

இடைச்சுவர் அவர்களுக்கு: கொன்றைப் பாட்டைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன், அந்த இடத்தில் நிலையின்மைதான் பொருள். ஆனால் உரியியல் ஒரு சொல்லின் எல்லாப் பொருளையும் சொல்வதாக வைத்துக்கொள்ள முடியாது. ‘வம்பப் பரத்தர்’ என்பதில் நிலையின்மையை மட்டும் வைத்து அடியை நிறைவாகப் படிக்க முடியவில்லை. புதிதை நாடுவது என்ற பொருள் அங்கே வேண்டியிருக்கிறது. புதிதாக வந்ததும் நில்லாமல் போவதும் ஒரே வழிப்போக்கரின் இரு முகங்கள் என்று கொண்டால் நமக்குள் சண்டை இல்லை. இதற்கு மேல் இழுத்தால் அது வேறு வகை வம்பாகிவிடும்.

மறுமொழி: கரிசல்மேடு

இலக்கியச் சான்றுகள் பெரியவர்களிடம் இருக்கட்டும். பேச்சு வழக்கிலிருந்து சிறிது சேர்க்கிறேன். மதுரைக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் இன்னும் ‘விருந்தாடி வந்திருக்காங்க’ என்றுதான் சொல்கிறோம். விருந்தாடி என்றால் ஆள். கறிக்குழம்பு அதற்குப் பிறகு. என் மனைவி கொங்கு நாட்டவர். அவர்கள் வீட்டில் அதே ஆளை ‘ஒரம்பரை’ என்பார்கள். அந்தச் சொல்லில் உறவின் வாசனை அடிக்கிறது. ஆக, ஒரே திண்ணையில் வந்து உட்காரும் ஒரே மனிதர் எங்கள் ஊர்ச் சொல்லில் புதியவர். அவர்கள் ஊர்ச் சொல்லில் உறவினர். அறிந்தவரை மட்டும் விருந்துக்கு அழைக்கும் மாற்றம் எப்படி வந்தது என்று கேட்டீர்களே, கொங்கில் சொல்லையே மாற்றிவிட்டார்கள்.

புதுமை அடியோடு போய்விடவும் இல்லை. கலியாணம் ஆனவுடன் சொந்தக்காரர் வீடு வீடாக விருந்துக்கு அழைக்கிறார்களே, அது புதுமணத் தம்பதிக்கு மட்டும்தான். அடுத்த ஆண்டு அதே மாப்பிள்ளை போனால் பழைய குழம்பைச் சூடு பண்ணி வைப்பார்கள். ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்ற பழமொழியையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நான்காம் நாள் அவர் புதியவர் இல்லை, ஆகவே விருந்து இல்லை. காக்கை கரைந்தால் இன்றும் எங்கள் அம்மா வாசலைப் பார்ப்பார். குறுந்தொகை 210இல் ‘விருந்துவரக் கரைந்த காக்கை’ வருவதாகப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் படித்துக் காட்டியபோது, ‘இதையெல்லாமா எழுதி வைத்திருக்கிறார்கள்’ என்று கேட்டார்.

மறுமொழி: பருத்தித்துறைப் பேத்தி

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிறு சேர்க்கை. எங்களிடம் விருந்து என்பது பெரும்பாலும் உணவாகவே நின்றுவிட்டது. வந்தவரை விருந்தாளி என்போம். குடும்பத்துக்கு வெளியே உள்ளவரைக் குறிக்க அம்மம்மா புழங்கிய சொல் ‘பிறத்தியார்’. ‘பிறத்தியார் இருக்கேக்க இதைப் பற்றிக் கதையாதே’ என்பார். அதே பிறத்தியார் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் தேநீர் கொடுக்காமல் அனுப்பமாட்டார். வாசலுக்கு வெளியே ஒரு சொல், உள்ளே ஒரு சொல் என்று நொச்சிவேலி எழுதியதை வாசித்தபோது அந்தப் படலைதான் நினைவுக்கு வந்தது.

மறுமொழி: அகராதிப்புழு

அயல்மொழி ஒப்புமை ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். இலத்தீனில் ‘ஹோஸ்திஸ்’ என்பது பழங்காலத்தில் வெளியூராரைக் குறித்தது. பின்னர் பகைவர் என்றே பொருளாகிவிட்டது. முன்னோர் வெளியூராருக்கு இட்ட மென்மையான பெயர் காலப்போக்கில் ஆயுதம் ஏந்தியவனுக்கு உரியதாகிவிட்டது என்று உரோம நாட்டுப் பேச்சாளர் சிசரோவே எழுதியிருக்கிறார். அதே வேரிலிருந்துதான் விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் குறிக்கும் ‘ஹோஸ்பெஸ்’ என்ற இலத்தீன் சொல்லும், ஆங்கிலத்தின் ‘கெஸ்ட்’ என்ற சொல்லும் வருகின்றன. அங்கே ஒரே வேர் பகையாகவும் நட்பாகவும் கிளைத்தது. தமிழில் இரண்டு தனிச் சொற்கள் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. இந்த வேறுபாட்டை இதுவரை நான் கவனித்ததில்லை. இந்தத் திரியால் கவனித்தேன்.

‘பரதேசி’யையும் மறக்க வேண்டாம். வேற்று நாட்டார் என்ற பொருளுடைய வடசொல். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர்களின் தொழுகைக் கூடத்துக்கு இன்றும் பரதேசிக் கூடம் என்றே பெயர். அங்கே அது கடல் கடந்து வந்தவர்கள் பெருமையோடு சூடிய அடையாளம். தமிழிலோ அது முதலில் ஊர் ஊராகத் திரியும் துறவியாகி, பிறகு பிச்சைக்காரராகி, கடைசியில் வசைச்சொல்லாகிவிட்டது. வேற்றாளைக் குறிக்கும் சொற்களில் கீழே இறங்கியவைதான் எண்ணிக்கையில் மிகுதி. விருந்து மேலே ஏறியது ஒரு விதிவிலக்கு.

மறுமொழி: மெய்ப்புக்காரன்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பதினோரு இடங்களிலும் ‘விருந்து’ என்றே திரும்ப வைத்துவிட்டேன். முதலில் வரும் இடத்தில் மட்டும், பள்ளிப் பிள்ளைகளும் படிக்கக்கூடிய நூல் என்பதால், ‘விருந்து: புதிதாக வந்தவர்’ என்று அடிக்குறிப்பு ஒன்று சேர்க்கலாமா என்று ஆசிரியரைக் கேட்டேன். சேர்க்கலாம் என்றார், ‘வந்தவர்’ என்பதற்கு முன்னால் ‘முன்பின் அறியாமல்’ என்று போடச் சொன்னார். பரிமேலழகரின் முதல் வகையினர் வெளியே போய்விடுவார்களே என்று தாழ்வாரம் ஐயாவின் பதிலை எடுத்துக்காட்டினேன். சற்று யோசித்து, ‘புதிதாக வந்தவர்’ என்பதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நொச்சிவேலி அவர்களின் மறுமொழியைப் படித்த கையோடு படியின் புறநானூற்றுப் பகுதியைப் புரட்டினேன். 79ஆம் பாட்டில் ‘வம்ப மள்ளர்’ என்று இருந்ததை, உகரம் விடுபட்டுவிட்டது என்று நினைத்து ‘வம்பு மள்ளர்’ என்று சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். அது ஆசிரியரின் பென்சிலுக்கும் தப்பிவிட்டது. இன்று மாலை பதிப்பகத்துக்கு நேரில் போகிறேன்.